எட்டடிக் கம்பி

எங்கள் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம், பிறந்து நூற்றைம்பது ஆண்டு ஆகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள், குடும்பத்துக்கு அரைப் பக்கம். ட்ரைலிங் குடும்பத்தைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். வெர்லின் ட்ரைலிங் என் அக்கா ஜெனீவாவின் கணவர். அக்காவுக்கு எழுத வராதாம். "ஊருக்கு இணையம் கொண்டுவந்தவர்னு ஆரம்பிச்சிடு ட்வைலா, மத்தது தானா வரும்" என்றாள். ஆரம்பித்தேன். மற்றது தானாகத்தான் வந்தது. ஆனால் மலரில் போடுகிற மாதிரி வரவில்லை, அரைப் பக்கத்திலும் நிற்கவில்லை.

வெர்லின் நல்ல உயரம். குரல் அதைவிடப் பெரிது. இணையத்துக்கு முன்னால் அவர் களைக்கொல்லி தெளிக்கும் இயந்திரங்கள் விற்றார், அதற்கு முன்னால் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்றார், அதற்கும் முன்னால் வான்கோழி வளர்த்தார். வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தீவனக் கம்பெனி. காப்பீடு படுத்ததற்குக் காரணம் வானிலை அறிவிப்பாளர். இயந்திரங்கள் விற்காமல் போனதற்குக் காரணம் விவசாயிகளின் கஞ்சத்தனம். வெர்லினின் வாழ்க்கையில் வெர்லினால் கெட்டது என்று எதுவுமே கிடையாது. இப்படி ஒரு பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கான்சாஸில் எங்கள் பகுதியில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. மரமே கிடைக்காத காலத்தில் அந்தப் பாறையை அறுத்துத்தான் வேலிக்குக் கால் நட்டார்கள். கோதுமை வயல்களின் ஓரமெல்லாம் அந்தக் கல் கால்கள் இன்னும் நிற்கின்றன. கடப்பாரையும் துளைக்கருவியும் இங்கே உடைந்துபோகாத வீடு இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

இணையத்தை வயர் இல்லாமல் வீடு வீடாக அனுப்ப வேண்டுமென்றால் உயரமான இடம் வேண்டும். ஊரில் உயரமானவை இரண்டே இரண்டு. ஒன்று மாதா கோயில் மணிக்கூண்டு, இன்னொன்று கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கோபுரம். பாதிரியார் வெர்லினோடு ஐந்து நிமிஷம் பேசிப் பார்த்துவிட்டு முடியாது என்றார். சங்கத்து மேலாளர் நோர்பர்ட் சரி என்றார். எங்கள் பக்கத்துச் சங்கங்களில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோபுரத்தின் மேலே இடம் இலவசம், பதிலுக்குக் கீழே எடைமேடை அறைக்கு இணையம் இலவசம். கை குலுக்கினால் ஒப்பந்தம் முடிந்தது. அதில் ஒரே ஒரு நிபந்தனை. மேலே இருக்கும் சாமானால் கீழே இருக்கும் சாமானுக்குக் கேடு வந்தால், மேலே இருப்பது இறங்கிவிட வேண்டும்.

அந்த எடைமேடை அறையில் உட்கார்ந்திருப்பவள் நான். கோதுமை லாரி வந்து மேடையில் ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு கிழித்துத் தருவேன். கோபுரத்தில் ஏறுகிறவன் என் கணவன் டெல்மர். வெர்லினும் அவனும் சகலைகள். கம்பெனி வெர்லினுடையது, முழங்கால் வலி டெல்மருடையது.

கோபுர உச்சியில் ஒரு பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதுதான் ரூட்டர். அதில் கேபிள் செருகும் ஓட்டைக்கு ஜாக் என்று பெயர். அங்கிருந்து ஒரு கேபிள் கோபுரத்தின் முதுகோடு இறங்கி என் அறைக்குள் வரும். தானியத் தூசியும் ஓயாத காற்றும் அந்தக் கேபிளில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இடி மின்னல் வந்தால் கேட்கவே வேண்டாம். அதெல்லாம் மண்ணுக்குள் இறங்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் எர்த். செம்பு பூசிய எட்டடி இரும்புக் கம்பி முழுசாக மண்ணுக்குள் போக வேண்டும். பலகையில் இருக்கும் ஜாக் உலோகமாக இருந்தால், கேபிளின் உலோக உறையில் வருகிற மின்சாரம் பலகையைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக எர்த்துக்குப் போய்விடும். ஜாக் பிளாஸ்டிக் என்றால் அந்த வழி அங்கேயே அறுந்துபோகும். மின்சாரம் பலகையின் நடுவயிற்றில் புகுந்து அதைக் கொன்றுவிடும். விஷயம் இவ்வளவுதான். வெர்லின் இதை வருஷக் கணக்கில் பேசினார்.

ஆரம்பத்தில் அவர் வாங்கியவை பிளாஸ்டிக் ஜாக் வைத்த பலகைகள், மலிவு என்பதால். கோடையில் ஒவ்வொரு மழைக்கும் ஒன்று செத்தது. செத்ததை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் பங்க்கில் ஊர்க்காரர்கள் கூடும் காப்பி மேசைக்கு வருவார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பலகை இருக்கும், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று உலோகம். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டுவதுபோல அவர் அவற்றை எடுத்துக் காட்டுவார்.

"இதப் பாருங்கய்யா. பிளாஸ்டிக்! பொம்மைக்கு வைக்கிற பிளாஸ்டிக்க ரூட்டர்ல வெச்சிருக்கான். இதுல இடி இறங்கினா அது எங்க போகும்? சொல்லுங்க, எங்க போகும்?"

"உன் வாய்க்குள்ள போனாத் தேவலை" என்பாள் ஆல்வினா வெர்த். ஆல்வினா தனியாக ஒரு பெரிய பண்ணையை நடத்துகிறவள், மாதா கோயில் சமையலறைக்கும் அவள்தான் தலைவி. அவள் முன்னால் பாதிரியாரே அளந்துதான் பேசுவார். வெர்லினுக்கு அந்த அறிவுகூடக் கிடையாது.

"சிரிங்க, சிரிங்க. நான் இணையத்துல எழுதுறத நார்வேல ஒருத்தன் படிக்கிறான், தெரியுமா?"

"நார்வேல மழைக்காலம் போலிருக்கு, பாவம், வேற வேலை இல்ல."

உண்மையிலேயே அவர் எழுதினார். ரூட்டர்க்காரர்கள் கூடிப் பேசும் ஏதோ ஒரு தளத்தில் பக்கம் பக்கமாக. உலோக ஜாக் வைக்காத கம்பெனிகளை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிளாஸ்டிக் ஜாக் மோசம் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெர்லின் போன்ற ஆட்களிடம் எரிச்சல் தருவதே அதுதான். சொல்வது பாதி சரியாக இருக்கும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைத்துவிடுவார்கள்.

மீதி என்பது எர்த் கம்பி. கோபுரத்துக்கு மேலே நடக்கிற வேலை டெல்மருக்கு, மண்ணில் நடக்கிற வேலை தனக்கு என்று முதல் நாளே வெர்லின் பிரித்துக்கொண்டார். அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும். கம்பியை அவர் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசையில் இருந்தபோது. பூசை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் கம்பி உள்ளே போயிருந்தது. ஒரு சாண் மட்டும் வெளியே நின்றது. அதன் தலைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, 'எட்டடி' என்று கம்பெனிக்காரன் பொறித்திருந்த எழுத்தை மட்டும் பெயின்ட் படாமல் விட்டிருந்தார்.

"ஈர மண்ணுல குச்சி சொருகுற மாதிரி போச்சு" என்றார் எல்லாரிடமும். "டிராக்டரக் கட்டி இழுத்தாலும் அசையாது."

இந்த ஊரில், இந்தப் பாறையில், குச்சி சொருகுகிற மாதிரி! கேட்டுக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்தில் கடப்பாரை உடைத்தவர்கள். ஒருவராவது ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? தலையை ஆட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள். உரத்த குரலில் சொன்னால் எங்கள் ஊரில் எதுவும் செல்லும்.

ஒருவழியாக உலோக ஜாக் வைத்த பலகைகளை வாங்கினார். கேபிளையும் உலோக உறை போட்டதாக மாற்றினார். டெல்மர் இரண்டு முனையிலும் உலோக பிளக் வைத்து அழுத்தி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செருகினான். வெர்லின் அன்று காப்பி மேசையில் எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தார். இனி எங்கள் ஊர்ப்பக்கம் இடிக்கே வேலை இல்லை என்கிற மாதிரி பேச்சு.

வசந்த காலத்தில் ஒரு மத்தியானம் ஆலங்கட்டியோடு மழை வந்தது. மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. பளீர் என்று ஒரு வெளிச்சம். என் மேசையில் எடை காட்டும் பெட்டி பட்டென்று வெடித்துப் புகை விட்டது. என் முன்னந்தலை முடி நட்டுக்கொண்டு நின்றது. மேலே வெர்லினின் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. உலோக ஜாக் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வந்த மின்சாரத்தை அப்படியே கீழே அனுப்பிவிட்டது. கீழே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் அது என் அறைக்கு வந்துவிட்டது. இது எனக்குப் பிறகு புரிந்தது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம் கருகின வாசனை மட்டும்தான்.

நோர்பர்ட் வந்து பார்த்தார். குட்டையான மனிதர், தொப்பியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம். கழற்றினார்.

"வெர்லின், இது ஒண்ணு போகட்டும். அறுவடைல இன்னொரு தடவை ஆச்சுன்னா உன் சாமான நீயே இறக்கிடு. எடை நின்னா லாரி நிக்கும், லாரி நின்னா மழைல கோதுமை நனையும், விவசாயி என்னைத்தான் வந்து உதைப்பான்."

கோபுரம் போனால் வெர்லினின் கம்பெனியே போச்சு. அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு நானும் டெல்மரும் நிற்கும்போதே சொன்னார்:

"எர்த்தும் சரி, ஜாக்கும் சரி, நோர்பர்ட். இது முனை அழுத்தினவன் கோளாறு. பிளக்கோட உலோகம் உறையக் கவ்விப் பிடிக்கணும். டெல்மருக்கு இப்பல்லாம் கை நடுங்குது. சொந்தக்காரன்னு பாத்து வெச்சிருக்கேன். என்ன பண்றது?"

டெல்மர் தன் கைகளைப் பார்த்தான். அவன் எப்போதுமே பேசமாட்டான். கல்யாணமான புதிதில் அதை அமைதி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, வாயில என்ன வெச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"ஒருவேளை நாந்தானோ என்னவோ, ட்வைலா."

அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது. வெர்லின் அவனைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தன் கையையே சந்தேகப்படும்படி செய்துவிட்டாரே!

அதற்குப் பிறகு காலையில் எழுந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க கேபிள் துண்டுகள். டெல்மர் பிளக்கை அழுத்துவான், சோதிக்கும் கருவியில் செருகுவான், பச்சை விளக்கு எரியும். நம்பிக்கை இல்லாமல் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அழுத்துவான். "எல்லாம் சரியாத்தான் காட்டுது" என்பான், ஏதோ கெட்ட சேதி சொல்கிறவன் மாதிரி.

"அப்ப எர்த்தப் பாரு."

"அது சகல அடிச்சது. எட்டடி."

காப்பி மேசையில் அவனுக்கு 'நடுக்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன நடுக்கம், காப்பி சிந்தாம குடிப்பியா?" எங்கள் ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லறை வரைக்கும் கூடவே வரும். டெல்மர் பங்க்குக்குப் போவதை நிறுத்தினான். ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் கீழே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். கோபுரம் ஏறுகிறவன் அப்படித் திரும்பக்கூடாது.

ஜூன் தொடக்கத்தில், அறுவடைக்கு முன்னால், சங்கம் எல்லாருக்கும் ஒரு விருந்து வைக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பு ஜெனீவா போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காத ட்வைலா. விருந்துல அவரு அறிவிக்கப் போறாரு. இனிமே சலைனா டவுன்லேர்ந்து ஒரு பையன் வந்து கோபுரம் ஏறுவானாம். டெல்மர் ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கட்டும்னு."

"ஊர் முன்னாடியா?"

"நோர்பர்ட்டுக்கு நம்பிக்கை வரணுமில்ல?"

இவளோடு ஒரே கட்டிலில் தூங்கி வளர்ந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது. போனை வைத்தேன். டெல்மரிடம் சொன்னேன். "சரி" என்றான். மறுநாள் காலை மேசையில் கேபிள் துண்டு எதுவும் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விருந்தன்று சங்கத்து முற்றத்தில் பெரிய துணிப்பந்தல் போட்டார்கள். காற்று வழக்கம்போல. எங்கள் ஊரில் காற்று இல்லாத நாளைத்தான் விசேஷமாகப் பேசுவார்கள். பந்தலுக்கு முளை அடிக்கப் பார்த்தார்கள், எப்போதும்போல ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை. கீழே பாறை. முளைகள் வளைந்து வளைந்து கிடந்தன. அதனால் ஒரு மூலையை லாரியிலும், ஒரு மூலையை வேலியின் கல் காலிலும், ஒரு மூலையை எடைமேடைக் கைப்பிடியிலும் கட்டினார்கள். நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நோர்பர்ட் சுற்றிலும் பார்த்தார். "இதோ இருக்கே, நம்ம வெர்லின் கம்பி! இதுல கட்டுங்கப்பா."

வெர்லின் பேச்சுக்காக முடியை வாரிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "நோர்பர்ட், வேணாம், வேணாம். எர்த் கம்பில கயிறு கட்டக்கூடாது."

"ஏன்?"

"சட்டம் அது. மின்சாரச் சட்டம்."

"வெயில் அடிக்குதுய்யா, இடியா இடிக்குது? டிராக்டரக் கட்டி இழுத்தாலும் வராதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்... சொன்னேன், வராதுதான். ஆனா..."

"ஆனா என்ன? எட்டடிதானே?"

சுற்றிலும் ஆட்கள். வெர்லின் கையிலிருந்த சீப்பைப் பையில் செருகினார். அவருக்கு இரண்டே வழி. உண்மையைச் சொல்லலாம், இல்லை கயிற்றைக் கட்டவிடலாம். நாற்பது வருஷமாக அந்த ஆளை எனக்குத் தெரியும், அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எட்டடிதான்" என்றார்.

ஆல்வினா வளைந்த முளை ஒன்றைக் காலால் உருட்டினாள். "இங்க ஒரு முழம் இறங்கல. ரெண்டடி தள்ளி எட்டடி இறங்கியிருக்கு. பாறைக்கே உன்கிட்ட பயம் போல வெர்லின்." எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். அந்த அசட்டுச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வசந்தத்தில் வெடித்த என் பெட்டி, மேசையில் கிடந்த கேபிள் துண்டுகள், பச்சை விளக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. கம்பி எட்டடி உள்ளே போகவே இல்லை.

அப்போதே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அந்த மூலையில் இருந்த பிள்ளைகளின் மேசையை இழுத்து எதிர்ப்பக்கம் போட்டேன். ஆல்வினாவின் நாற்காலியையும் நகர்த்தினேன். "எதுக்குடி?" என்றாள். "அங்க வெயில் வரும்" என்றேன். வெர்லினுக்கு ஒரு தட்டில் மாட்டிறைச்சியும் கோசும் திணித்துச் சுட்ட பியராக் ரொட்டி இரண்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சாப்பிடுங்க அத்தான். பேசணுமே."

கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டார். அதைச் சாப்பிடவில்லை.

மைக் அவர் கையில் வந்ததும் மனிதர் மாறிவிட்டார். மைக் கையில் இருந்தால் வெர்லினுக்குப் பயம் என்பதே கிடையாது. சட்டைப் பையிலிருந்து இரண்டு பலகைகளையும் எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது பிளாஸ்டிக், இது உலோகம். நான் உங்களுக்குக் குடுத்திருக்கறது உலோகம். இனிமே மேல ஒரு குறையும் கிடையாது. குறை இருந்தா அது மனுஷக் கையில. என் சகல டெல்மர் நல்லவன். தங்கமானவன். ஆனா வயசாயிடுச்சு, கை நடுங்குது. அவன் அழுத்தின முனையாலதான் சங்கத்துப் பெட்டி போச்சு. அத நான் மறைக்க விரும்பல. உண்மைய ஊர் முன்னாடி சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். அதனால இனிமே..."

டெல்மர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்தேன். நடுங்கவே இல்லை.

தெற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்று என்றுகூடச் சொல்லமாட்டேன். பந்தல் வயிறு உப்பி ஒரு தடவை எழும்பியது, இரண்டாவது தடவை எழும்பியது. நாலாவது மூலையில் சடக் என்று ஒரு சத்தம். கயிறு மேலே போனது, அதன் முனையில் கம்பியும் கூடவே போனது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து உருளைக்கிழங்கு சாலட் அண்டாவுக்குள் செங்குத்தாக விழுந்து நின்றது. சாலட் நாலாபுறமும் தெறித்தது.

பந்தல்துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆல்வினா எழுந்துபோய்க் கம்பியை உருவினாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். தரையில் ஊன்றிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"எட்டடின்னு போட்டிருக்கு" என்றாள். "அப்ப நான் பதினாறடி."

சிரிப்பு வெடித்தது. நோர்பர்ட் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கம்பியைக் கையில் வாங்கினார்.

"பாறை, நோர்பர்ட்" என்றார் வெர்லின். "கீழ பாறை. அடிச்சு அடிச்சுப் பாத்தேன். இறங்கல. நான் என்ன பண்ண முடியும்?"

நோர்பர்ட் கம்பியைத் திருப்பி அடிமுனையைக் காட்டினார். கூர் இல்லை. அறுப்புச் சக்கரம் வைத்து வழவழப்பாக அறுத்திருந்தது. "அடிச்சுப் பாத்தியா? பாறைல நின்னுட்டா மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மிச்சத்தத்தான் எல்லாரும் வெட்டுவாங்க. நீ எழுத்து இருக்கிற தலைய பத்திரமா வெச்சுக்கிட்டு அடிய வெட்டியிருக்க. மண்ணத் தொடறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்க."

சிரிப்பு நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் எல்லாருமே வேலிக்கால் நட்டவர்கள். ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெர்லின் சோம்பேறி என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வெட்டினால் ஊரை ஏமாற்றலாம் என்று நிதானமாக யோசித்திருக்கிறார் என்பதுதான் புதிது.

டெல்மர் எழுந்தான். நேராக வெர்லினிடம் போனான். அடித்துவிடுவானோ என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவன் வெர்லினின் கையைப் பிடித்து, அதில் இருந்த மைக்கை அவர் வாய்க்கு நேராக உயர்த்தினான்.

"என் முனைங்க நல்லா இருந்துச்சா, சகல?"

வெர்லின் ஜெனீவாவைப் பார்த்தார். அவள் பியராக் தட்டின் மேலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள், நாலாக, எட்டாக.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"காது கேக்கல!" என்றாள் ஆல்வினா.

"நல்லாத்தான் இருந்துச்சுன்னேன்!"

மைக் அதை முற்றம் முழுக்கக் கொண்டுபோனது. டெல்மர் கையை விட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டான்.

ஊர் அன்றே வெர்லினைத் துரத்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரையா சொல்கிறீர்கள்? கோதுமை விலை பார்க்க வேண்டும், ஃபுட்பால் பார்க்க வேண்டும். வேறு கம்பெனி இந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. நோர்பர்ட் இரண்டே இரண்டுதான் சொன்னார். கம்பி நிற்காவிட்டால் படுக்கப் போடலாம், பாறையைக் கொத்தி நீளப் பள்ளம் எடுத்துப் புதிய முழுக் கம்பிகளை அதில் கிடத்தி மூட வேண்டும், அறுவடைக்குள், வெர்லினே செய்ய வேண்டும். டெல்மரைத் தவிர யாரும் கோபுரம் ஏறக்கூடாது.

ஜூன் வெயிலில் வெர்லின் பாறை கொத்தினார். அதற்குள் முதல் லாரிகள் வர ஆரம்பித்திருந்தன. என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளம். ஒவ்வொரு டிரைவரும் கண்ணாடியை இறக்கி, "என்ன வெர்லின், ஈர மண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினான். நான் சீட்டைக் கொஞ்சம் மெதுவாகவே கிழித்தேன். அவர்களும் பேச வேண்டுமே.

அந்தக் கோடையில் எத்தனையோ இடி விழுந்தது. ஒன்றும் சாகவில்லை. வெளியூர்ப் பண்ணைகளில் இருந்த பழைய பிளாஸ்டிக் ஜாக் பலகைகளுக்கும் டெல்மர் எர்த்தைச் சரிசெய்து கொடுத்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. வெர்லின் இணையத்தில் என்ன எழுதினார் தெரியுமா? உலோக ஜாக்குக்கு மாறியதால்தான் இந்த வெற்றி என்று. நார்வேக்காரன் பாராட்டியிருந்தான்.

அந்தத் துண்டுக் கம்பி என் அறையில் இருக்கிறது, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை வெர்லின் அதைக் கேட்டார். "எட்டடிக் கம்பியாச்சே அத்தான், உங்களால தூக்க முடியுமா?" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

டெல்மர் இன்னும் அவரிடம்தான் வேலை பார்க்கிறான். அதற்காக அவனையும் திட்டித்தான் ஆகவேண்டும், திட்டியாகிவிட்டது. ஆனால் ஒன்று. இப்போது அவன் பேசுகிறான். ஒவ்வொரு தடவையும் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால், லாரிகள் வரிசையாக நிற்கும்போது, என் அறை வரைக்கும் கேட்கும்படி கூப்பிடுகிறான்.

"சகல! எர்த்தப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

டெல்மர் ஏணியைப் பிடித்தபடியே நிற்பான். ஏறமாட்டான். லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்குவார்கள்.

"இழுத்துப் பாத்தீங்களா?"

வெர்லின் நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு முட்டி போட்டுக் குனிந்து, பள்ளத்திலிருந்து மேலே வரும் செம்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். அது வராது. அதை எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் டெல்மர் முதல் படியில் கால் வைப்பான்.